வடசென்னையில் வீடு கட்ட அனுமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன இன்ஜினியர் ஆபீஸில் பிளான் வரைகிறேன். காலையில் கதவைத் திறந்ததும் யாராவது ஒருவர் மஞ்சள் பையில் பத்திரத்தோடு நிற்பார். வருகிற ஆள் மாறினாலும் கேட்கிற கேள்வி பெரும்பாலும் மாறாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

பிளான் அப்ரூவல், பில்டிங் பெர்மிட், சிஎம்டிஏ அப்ரூவல்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானா மேடம்?

இரண்டு அனுமதிகள் இருக்கின்றன. இந்த இடத்தில் இன்ன உபயோகத்துக்கு, இன்ன அளவில் கட்டலாம் என்பது திட்ட அனுமதி, அது 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தில் வருவது. கட்டடத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்று உள்ளாட்சி கொடுப்பது கட்டட அனுமதி. வாய்ப்பேச்சில் இரண்டையும் சேர்த்து 'பிளான் அப்ரூவல்' என்று சொல்லிவிடுகிறோம்.

சின்ன வீட்டுக்கு நீங்கள் எழும்பூரில் இருக்கிற சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) வரைக்கும் அலைய வேண்டியதில்லை. 10,000 சதுர அடிக்குள், 8 வீடுகளுக்குள் இருக்கிற சாதாரண உயரக் குடியிருப்புக்கு மாநகராட்சியே இரண்டையும் கொடுக்கும். விண்ணப்பம் இணையதளத்தில்தான் போகும், அங்கிருந்து உங்கள் மண்டலத்துக்கு வரும். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று 1 முதல் 6 வரைக்கும் நம் பக்கத்து மண்டலங்கள்தான். திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் எல்லாம் 2011 வரைக்கும் தனி நகராட்சிகள். அந்தக் காலத்து பிளானில் நகராட்சி முத்திரை இருந்தால் 'இது செல்லுமா?' என்று பயப்பட வேண்டாம், அன்றைக்கு அனுமதி கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எங்க இடமே 450 சதுர அடிதான். இத்தனூண்டு இடத்துக்கெல்லாமா பெர்மிட் கேப்பாங்க?

கேட்பார்கள். இத்தனை சதுர அடிக்குக் கீழே புது வீடு என்றால் அனுமதி வேண்டாம் என்று எந்த விதியும் கிடையாது. கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் தெருவில் பாதி வீடு அனுமதி இல்லாமல் நிற்கிறது என்பது எனக்கும் தெரியும். அவர்களுக்குப் பிரச்சினை வருவது கட்டும்போது இல்லை. பிள்ளை படிப்புக்கோ கல்யாணத்துக்கோ வீட்டை அடமானம் வைக்க பேங்குக்குப் போகிற அன்றைக்குத்தான் வரும், 'அப்ரூவ்டு பிளான் காப்பி கொண்டாங்க' என்று முதல் வரியிலேயே கேட்பார்கள்.

அப்போ பெயின்ட் அடிக்கக்கூட பர்மிஷன் வேணுமா?

வேண்டாம். வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, டைல்ஸ் மாற்றுவது, ஜன்னல் கதவு வைப்பது, ஓடு மாற்றிப் போடுவது, உள்ளே மர வேலை, கல்யாணப் பந்தல், இதற்கெல்லாம் யாரிடமும் கேட்க வேண்டாம். கட்டடத்தின் அமைப்பைத் தொடாத உள்வேலைக்கும் அனுமதி தேவையில்லை.

ஒரு தூணையோ பீமையோ எடுக்கிறீர்கள், ஒரு அறையைக் கூட்டுகிறீர்கள், தெருப் பக்கம் நீட்டுகிறீர்கள் என்றால் கணக்கு மாறிவிடும். 'ரிப்பேர் ஒர்க்தான்' என்று சொல்லிக்கொண்டு நாலு பக்கச் சுவரையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் புது வீடாக்குகிற கலை நம் மேஸ்திரிகளுக்கு நன்றாக வரும். ஏஇ (மாநகராட்சி உதவிப் பொறியாளர்) வந்து பார்த்தால் அதை ரிப்பேர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

பழைய ஓட்டு வீட்டை இடிச்சிட்டு அதே அளவுலதான் கட்டுறோம். அதுக்கும் புதுசாவா?

புதுசாகத்தான். பழைய வீடு இடிந்ததும் அதற்கிருந்த சலுகையும் அதோடு போய்விடும், இன்றைய விதிப்படிதான் எழும்ப வேண்டும். இடிப்பதற்கும் தனியாக அனுமதி இருக்கிறது.

நம் பக்கம் இன்னொரு சிக்கல் பொதுச்சுவர். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டை அளக்கப் போயிருந்தேன். பத்திரத்தில் தெருப்பக்க அகலம் 16 அடி. டேப்பை நீட்டினால் 15 அடி 3 அங்குலம். மிச்ச 9 அங்குலம் எங்கே என்று தேடினால் பக்கத்து வீட்டோடு பங்கு போட்ட சுவருக்குள் இருக்கிறது, அவர்களுடைய உத்தரம் இந்தச் சுவர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இடித்திருந்தால் அவர்கள் வீட்டுக் கூரையும் கூடவே வந்திருக்கும். கடப்பாரை போடுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவைத்துக்கொண்டு டேப் பிடியுங்கள், அவரே ஒரு முனையைப் பிடித்தால் இன்னும் நல்லது.

என்னென்ன பேப்பர் எடுத்துட்டு வரணும்?

கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் (ஆபீஸில் 'டிஎஸ்எல்ஆர்' என்பார்கள்), சொத்து வரி ரசீது, ஆதார். இடம் ஏதாவது லே-அவுட்டில் இருந்தால் அதன் அனுமதி வரைபடம்.

பெயரும் அளவும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். பத்திரத்தில் அப்பா பெயர், பட்டாவில் தாத்தா பெயர், வரி ரசீதில் அதற்கும் முன்னால் இருந்தவர் பெயர், இது நான் வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கிற காட்சி. அளவில் பத்திரம் ஒன்று, பட்டா ஒன்று, தரையில் ஒன்று என்று மூன்று இருந்தால், அதில் எது குறைவோ அதை வைத்துத்தான் நான் வரைவேன். கூடுதலை வைத்து வரைந்து பக்கத்து வீட்டுக்காரர் மனு போட்டார் என்றால் அஸ்திவாரத்தோடு வேலை நிற்கும்.

பட்டாவே இல்ல. ஆனா முப்பது வருஷமா வரி கட்டுறோம், ஈபி இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு. போதாதா?

போதாது. வரி ரசீது நீங்கள் வரி கட்டினீர்கள் என்பதற்கு ஆதாரம், நிலம் உங்களுடையது என்பதற்கு அது சாட்சி சொல்லாது. இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் சரிதான். பிளான் கிடைத்துவிட்டது என்பதாலும் நிலம் உங்களுடையது ஆகிவிடாது, உரிமைத் தகராறு வந்தால் கோர்ட்டில்தான் பேச வேண்டும்.

குடிசை மாற்று வாரியம் ஒதுக்கிய மனை என்றால் (2021 முதல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) ஒதுக்கீட்டு ஆணையோடு நிற்காமல், பாக்கித் தவணையைக் கட்டி விற்பனைப் பத்திரம் வாங்குங்கள். ஒதுக்கீடு ஒருவர் பெயரில் இருக்க, வெள்ளைத் தாளில் எழுதிக் கைமாறிய இடமாக இருந்தால் முதலில் வாரியத்தில் அதைச் சரி செய்தாக வேண்டும். கோயில் நிலம் என்றால் நீங்கள் வாடகைதாரர், கோயில் நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நகராது. புறம்போக்கு என்றால் என்னிடம் பதில் கிடையாது, தாசில்தார் ஆபீஸில்தான் கேட்க வேண்டும்.

ஆன்லைன்ல உடனே அப்ரூவல் வருதாமே, சுயசான்றுன்னு. அது நெஜமா?

நிஜம்தான். 2024 ஜூலையில் தொடங்கினார்கள். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது தரையோடு ஒரு மாடி என்பதுதான் தொடங்கியபோது சொன்ன அளவு. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதனால் நம் பக்கத்துத் தனி வீடுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். ஆள் வந்து இடத்தைப் பார்ப்பது இல்லை, கட்டணம் எவ்வளவு என்று திரையிலேயே காட்டும், கட்டினால் அனுமதி வந்துவிடும். பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்புக் கட்டணமும் கிடையாது.

ஆனால் பெயரைக் கவனியுங்கள். சான்று கொடுப்பது நீங்கள். இடம் என்னுடையது, அளவு சரி, விதிப்படிதான் கட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பதும் நீங்கள். முன்பெல்லாம் அதிகாரி வந்து பார்த்து 'இங்கே அளவு இடிக்குதே' என்று பேப்பரிலேயே நிறுத்திவிடுவார், எரிச்சலாக இருக்கும், ஆனாலும் அது ஒரு காவல். இப்போது அந்தக் காவல் இல்லை. தப்பான தகவலில் வாங்கிய அனுமதி பின்னால் ரத்தாகும், அப்போது பாதி வீடு எழும்பியிருக்கும். சுயசான்றுக்கு வருபவர்களிடம்தான் நான் டேப் விஷயத்தில் ரொம்பக் கறாராக இருப்பேன், அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

பக்கத்துல யாரும் செட்பேக் விடல. நாங்க மட்டும் எதுக்கு விடணும்?

செட்பேக் என்பது மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காலியாக விட வேண்டிய இடம். அவர்கள் எப்போது கட்டினார்கள், எந்த விதியில் கட்டினார்கள் என்பது வேறு கதை. இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் வருட ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். முன்னால் எவ்வளவு விட வேண்டும் என்பது தெருவின் அகலத்தைப் பொறுத்தது, குறுகலான தெருவில் 1.5 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 5 அடி, தெரு அகலமாக ஆக அது கூடும். பக்கத்தில் எவ்வளவு என்பது மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பார்த்து வரும்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஜார்ஜ் டவுன் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டியே வளர்ந்த இடங்களைத் 'தொடர் கட்டடப் பகுதி' என்று தனியாகக் குறித்திருக்கிறார்கள், அங்கே பக்கவாட்டில் விடாமலே கட்டலாம். உங்கள் தெரு அந்தப் பட்டியலில் வருகிறதா என்று வரைவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். 15 அடி அகல மனையில் பக்கத்தில் 3 அடி மிச்சமானால் ஒரு பெட்ரூமில் கட்டில் போட்ட பிறகும் ஆள் நடக்க இடம் இருக்கும்.

600 சதுர அடில மூணு மாடி போடலாம்னு மேஸ்திரி சொல்றாரு. போடலாமா?

மேஸ்திரி அஸ்திவாரத்தைப் பற்றிச் சொல்கிறார், அது தாங்கும். விதி தாங்குமா என்பதற்கு எஃப்எஸ்ஐ பார்க்க வேண்டும். சாதாரண உயரக் கட்டடத்துக்கு அது 2, அதாவது மனை அளவில் இரண்டு மடங்கு வரை எல்லாத் தளத்தையும் கூட்டிக் கட்டலாம். 600 சதுர அடிக்கு 1,200.

15க்கு 40 மனை என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 5 அடி, பக்கத்தில் 3 அடி விட்டால் மிச்சம் 12க்கு 35, ஒரு தளத்துக்கு 420 சதுர அடி. இரண்டு தளம் 840, மூன்றாவதைச் சேர்த்தால் 1,260, வரம்பைத் தாண்டிவிட்டது. மேல் தளத்தை 360 ஆகக் குறைத்தால் கணக்குக்கு வரும். ஆனால் உயரம் கூடியதும் விட வேண்டிய இடமும் கூடும், அதனால் 12 அடி அகலம் 12 அடியாகவே நிற்காது, மேலே சொன்ன சுயசான்று வரம்பிலும் வராது. தரையோடு மூன்று மாடி என்பதை இந்த மனையில் மறந்துவிடுங்கள்.

மொட்டை மாடில வெறும் ஷீட்டுதான் போடப்போறோம் அக்கா. அதுக்கெல்லாமா?

இந்த 'வெறும் ஷீட்டு' எங்கள் வீட்டுக் கதை. தரையோடு ஒரு மாடிக்குத்தான் அப்பா அனுமதி வாங்கியிருந்தார். வெயில் தாங்கவில்லை என்று ஒரு வருடம் மேலே ஷீட் போட்டோம். மறு வருடம் சாரல் அடிக்கிறது என்று சுற்றிலும் இடுப்பளவு சுவர், அதற்கடுத்த வருடம் சுவர் கூரையைத் தொட்டது, பாத்ரூம் வந்தது, ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. தம்பிக்காகக் கடன் கேட்டபோது பேங்கிலிருந்து வந்தவர் வாசலில் நின்றபடியே தலையை நிமிர்த்தி மாடிகளை எண்ணினார், கையிலிருந்த பிளானைப் பார்த்தார், திரும்பவும் எண்ணினார். கடன் வரவில்லை.

நாலு பக்கமும் சுவர் வைத்து ஆள் வாழுகிற இடமாக்கினால், கூரை ஷீட்டாக இருந்தாலும் கான்கிரீட்டாக இருந்தாலும் அது இன்னொரு தளம்தான். எஃப்எஸ்ஐ கணக்கிலும் சேரும். மாடிப்படிக்கு மேலே போடுகிற தலைக்கூடு, தண்ணீர்த் தொட்டி இதெல்லாம் அப்படிச் சேராது.

கடல் பக்கம்ங்கறதால தனியா எதாவது வாங்கணுமா?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கரையோரத்தில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம் இது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற கழிமுகம், கால்வாய்க் கரைகளுக்கும் தனி அளவு இருக்கிறது, எண்ணூர் முகத்துவாரம் பக்கம் இருப்பவர்கள் 'எங்களுக்குக் கடல் தூரம்தானே' என்று விட்டுவிட வேண்டாம். ஏற்கெனவே நகரமாகிவிட்ட பகுதியில் வீடு கட்டவே முடியாது என்று இல்லை. இருக்கிற ரோட்டுக்கோ அனுமதி பெற்ற பழைய கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக இருந்தால் வழி உண்டு, கடல் பக்கமாக இருந்தால் கஷ்டம்தான்.

கடல் மட்டுமில்லை. மாதவரத்தைத் தாண்டிப் புழல் பக்கம் ஏரி நீர்ப்பிடிப்புப் பகுதிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. மணலி, எண்ணூரில் தொழிற்சாலை மண்டலத்துக்குள் மனை விழுந்திருக்கலாம். இரண்டாவது மாஸ்டர் பிளானில் (எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சிஎம்டிஏ போட்ட திட்டம்) உங்கள் சர்வே எண் எந்த உபயோகத்தில் இருக்கிறது என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். பச்சை, மஞ்சள் என்று கல் நட்டு, தோரணம் கட்டி விற்பவர் அதைச் சொல்ல மாட்டார்.

மனைக்கே அப்ரூவல் இல்லன்னா?

முதலில் மனையை வரன்முறை செய்ய வேண்டும், அதாவது அனுமதி இல்லாத மனையைப் பின்னால் சட்டப்படி அங்கீகரிக்க வைக்க வேண்டும். 2017இல் வந்த விதிப்படி, 2016 அக்டோபர் 20க்குள் பதிவான அனுமதியற்ற மனைகளுக்கு அந்த வாய்ப்பு கொடுத்தார்கள். உங்கள் மனைக்கு வரன்முறை ஆணை இருந்தால் அதுதான் அப்ரூவல், முன்னால் சொன்ன தாள்களோடு அதையும் சேருங்கள். ஆணை இல்லாத மனையை வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன், எவ்வளவு சல்லிசாக வந்தாலும்.

மழைநீர் சேகரிப்பு சும்மா பேப்பர்ல காட்டுறதுதானே?

2003இலிருந்து கட்டாயம். பேப்பரில் வட்டம் போட்டுக் காட்டிவிட்டு மண்ணை மூடிவிடுகிறவர்கள் நிறைய. நம் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிக்கொண்டிருக்கிறது, பத்து வருடம் முன்னால் குடித்த போர் தண்ணீரில் இன்றைக்குத் துணி துவைத்தால் நுரை வராத வீடுகள் இருக்கின்றன. உறைகிணறு இறக்கினால் பயன் உங்களுக்குத்தான். போர் போடுவதற்கு மெட்ரோ வாட்டரில் தனி அனுமதி, 1987ஆம் வருடச் சட்டம்.

இதோடு தரை மட்டத்தையும் யோசித்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்கிறது, வாசல்படி கீழே போகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி, எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. பேஸ்மட்டத்தைத் தாராளமாக ஏற்றுங்கள், ஆனால் ஏறுவதற்கான படியையும் வண்டிச் சாய்வையும் உங்கள் எல்லைக்குள் வையுங்கள். தெருவில் நீட்டினால் ஆக்கிரமிப்பு, மழைநீர் வடிகால் வேலை வரும்போது முதலில் அதைத்தான் உடைப்பார்கள்.

பிளான்ல ஒண்ணு காட்டிட்டு கட்டும்போது கொஞ்சம் அப்படி இப்படி...?

இந்தக் கேள்வியை யாரும் முழுசாகக் கேட்பதில்லை, புள்ளி புள்ளியாகத்தான் வரும். மீறல் இருந்தால் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56ஆம் பிரிவில் அகற்றச் சொல்லி நோட்டீஸ், 57இல் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ், அதற்குப் பிறகு பூட்டி சீல். ஜன்னல் இரண்டடி தள்ளிப் போனதற்கு யாரும் வர மாட்டார்கள். செட்பேக்கை விழுங்கினால், மாடி கூட்டினால், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனு எழுதினால் போதும்.

கட்டும்போது மனசு மாறுவது சகஜம்தான். மாறினால் திருத்திய பிளான் போட்டு அனுமதி வாங்கிக்கொண்டு மேலே போங்கள். 'அப்புறம் ஃபைன் கட்டி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்' என்று மட்டும் நம்பாதீர்கள். அந்தச் சலுகைகள் பழைய கட்டடங்களுக்கு வந்தவை, ஒன்றுக்கு 1999 பிப்ரவரி 28, இன்னொன்றுக்கு 2007 ஜூலை 1 கடைசி நாள். இன்றைக்குக் கட்டுகிற வீட்டுக்கு அவை பொருந்தாது.

வீட்டை முடிச்சதும் நிறைவுச் சான்று இல்லன்னா கரண்டு குடுக்க மாட்டாங்களாமே?

பெரிய கட்டடத்துக்கு அப்படித்தான். 8 வீடுகளுக்குள், 750 சதுர மீட்டருக்குள் இருக்கிற குடியிருப்புக்கு அந்தச் சான்றிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள் (உயர வரம்பு உண்டு), சுயசான்றில் கட்டியதற்கும் வேண்டாம். அனுமதி நகலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வேலை நடக்கும்போது எடுத்த தற்காலிக கனெக்‌ஷனை வீட்டு இணைப்பாக மாற்றிக்கொள்ள மறக்க வேண்டாம், அதன் யூனிட் கட்டணம் அதிகம்.

அப்பா பேர்ல இடம், அவரு இல்ல. நானும் தம்பியும் பேசிட்டோம். தங்கச்சி கல்யாணமாகிப் போயிடுச்சு. நாங்க ரெண்டு பேரு கையெழுத்து போட்டா போதுமா?

போதாது. உயில் எழுதாமல் இறந்த இந்து அப்பாவின் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு, கல்யாணம் ஆனதால் தங்கையின் பங்கு போய்விடாது. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. வாரிசுச் சான்றில் இருக்கிற அத்தனை பேரும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பங்கு வேண்டாம் என்பவர் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுக்க வேண்டும்.

சீர் செய்தோம், நகை போட்டோம் என்று இந்த இடத்தில் எல்லோரும் என்னிடம் சொல்லத் தொடங்குவார்கள். பிளானில் அதை எங்கே வரைவது? போன மாதம் இதே கேள்வியோடு வந்த ஒருவர் அரை மணி நேரம் அப்படிப் பேசிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் பிளானை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'அம்மாவுக்கு ரூம் கீழயா, மேலயா?' மேலே என்று வரைந்திருந்தோம். கீழே மாற்றிக் கொடுத்த பிறகு கையெழுத்துப் போட்டார்.